காவிரிப் படுகையில் மவுண்டன் பைக்: ஆற்றங்கரைப் பாதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தடித்த டயர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். வாங்கிய மூன்றாம் மாதம் அது மாடிப்படிக்குக் கீழே போய்விடுகிறது. ஓட்ட விருப்பம் இல்லாமல் இல்லை. எங்கே ஓட்டுவது, எப்போது ஓட்டுவது என்று சொல்ல ஆள் இல்லை. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். உண்மையிலேயே இங்கே அதற்கு வேலை இருக்கிறதா?

இருக்கிறது. தடித்த டயரும், தாழ்ந்த கியரும், முன்பக்க ஷாக் அப்சார்பரும் கரடுமுரடான தரைக்காக வந்தவை. அந்தத் தரை உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நான்காகப் பிரிகிறது. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வடவாறு என்று மேலும் மேலும் கிளைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரைகள். அந்தக் கரைகளின் மேல் பெரும்பாலும் ஒரு ஜீப் போகும் அகலத்துக்கு வழி இருக்கும். இந்தப் பாதைகளில் மெல்லிய டயர் ரேஸ் சைக்கிள் திணறும். உங்கள் சைக்கிள் நிம்மதியாகப் போகும்.

புதிதாக ஓட்டுபவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஏற்றம் என்று சொன்னால் வயல் மட்டத்திலிருந்து கரைக்கு ஏறும் சரிவு மட்டும்தான். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் நெல்வயல், தலைக்கு மேல் மரநிழல். லாரியின் ஹார்ன் சத்தம் எங்கோ தொலைவில்தான் கேட்கும்.

ஆற்றங்கரைப் பாதை என்கிறீர்கள். அது தார்ச் சாலையா, மண் பாதையா?

எல்லாம் கலந்து வரும். ஊரை ஒட்டி இருக்கும் வரை தார் அல்லது சிமெண்ட். கொஞ்சம் தள்ளினால் கப்பிக் கல். அதற்கும் அப்பால் கிராவல் கொட்டிய செம்மண், கடைசியில் வெறும் வண்டித் தடம். இப்படிப்பட்ட கரைவழியை இந்தப் பக்கத்தில் லயன்கரை என்பார்கள். வழி கேட்கும்போது அந்தச் சொல்லைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

வண்டித் தடத்தில் சக்கரம் போன இரண்டு கோடுகள் கெட்டியாக இருக்கும். நடுவில் புல் மண்டியிருக்கும். ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். கோடு மாற வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, நடுப்புல்லைக் குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் வழுக்கும். வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரிகிற ஒவ்வொரு மதகின் மேலும் ஒரு கான்கிரீட் பலகை இருக்கும். அதன் இரண்டு ஓரங்களிலும் மண் கரைந்து, நான்கு விரல் உயரத்துக்குப் படி விழுந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சமமாகத்தான் தெரியும். மதகின் கைப்பிடிச் சுவரோ, ஷட்டரின் திருகுத் தண்டோ கண்ணில் பட்டதுமே பிரேக்கில் விரல் வையுங்கள்.

முதல் நாள் எங்கே போகலாம்? தொலைந்துபோகாத இடமாகச் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு. சுமார் 13 கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளை வரிசையாகக் கடப்பீர்கள். நேர்ச்சாலையில் பஸ் போக்குவரத்து உண்டு. அதிலேயே போய் அதிலேயே திரும்பச் சொல்லவில்லை. ஒவ்வொரு பாலத்திலும் நின்று, வலப்பக்கக் கரையிலோ இடப்பக்கக் கரையிலோ இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய்விட்டுத் திரும்பிப் பாலத்துக்கே வாருங்கள். ஐந்து ஆறும் ஐந்து விதம். எந்தக் கரையில் எந்த மாதிரி மண், எங்கே நிழல், உங்கள் கைகளுக்கு எவ்வளவு அதிர்ச்சி தாங்கும் என்பதெல்லாம் ஒரே காலையில் பிடிபட்டுவிடும். களைத்துவிட்டால் பிரதான சாலை பக்கத்திலேயே இருக்கிறது என்ற தைரியமும் உண்டு.

கண்டியூரில் டீ குடிக்கலாம். திருவையாறு போய்ச் சேர்ந்தால் புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்காருங்கள். அசோகா அல்வா சாப்பிடாமல் திரும்பாதீர்கள். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அந்த இனிப்பு, திரும்பி வரும் தூரத்துக்குத் தாராளமாகப் போதும்.

அது பழகிவிட்டது. அடுத்து?

எனக்கு மிகவும் பிடித்தது கல்லணையிலிருந்து கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வரும் வழி. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். கோவிலடிப் பக்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நிலம் ஒடுங்கிக் கிடக்கும். ஒரு பக்கம் கட்டுக்குள் அடங்கிய காவிரி, மறுபக்கம் வெள்ளத்தை மட்டும் எதிர்பார்த்து மணலாய் விரிந்திருக்கும் கொள்ளிடம். இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. ஆறு பிரியும் இடத்தைத் தலைப்பு என்பார்கள். அந்தத் தலைப்பில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்; படுகை முழுக்கத் தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது கண்ணெதிரே விளங்கும்.

கும்பகோணத்துக்காரர்களுக்கு: அரசலாற்றை ஒட்டித் தாராசுரம், அங்கிருந்து காவிரிப் பக்கம் திரும்பிச் சுவாமிமலை, பிறகு ஊர். அரை நாளில் சாவகாசமாக முடியும். தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. அதன் புல்வெளி ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். சுவாமிமலையில் சிற்பிகள் வெண்கலச் சிலைக்கு வார்ப்பு எடுப்பது காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணில்தான். உங்கள் டயரில் ஒட்டி வருகிறதே, அதே மண். மெழுகுப் பதுமையின் நகக்கண் வரை அப்படியே பிடித்துக்கொள்ளும் அளவுக்கு நயமானது.

என்ன சைக்கிள் வேண்டும்? என்னிடம் இருப்பது சாதாரண கியர் சைக்கிள்தான்.

போதும். முன்பக்கம் மட்டும் ஷாக் அப்சார்பர் உள்ளது போதுமானது. பின்பக்கமும் ஷாக் உள்ள விலை உயர்ந்த சைக்கிள் இந்த நிலத்தில் வெறும் சுமை. டயர் அகலம் 1.95 முதல் 2.25 அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது. அப்பாவின் பழைய இருபத்தெட்டு அங்குலச் சைக்கிளிலும் கப்பிப் பாதை வரை போய் வரலாம். அறுபது வருடமாக ஊர் அப்படித்தான் போய் வந்துகொண்டிருக்கிறது.

காற்றை மட்டும் கவனியுங்கள். கடைக்காரர் கல் போல அடித்துத் தருவார். தார்ச் சாலைக்கு அது சரி. கரையில் சைக்கிள் துள்ளும், மணலில் புதையும். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. நல்ல அளவு. எடைக்குத் தக்கபடி கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். மிகவும் குறைத்தால் மதகுப் படியில் மோதும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கி, பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும்.

எந்த மாதம் நல்லது?

இங்கே பருவத்தை முடிவு செய்வது தண்ணீர். அதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டு, ஜனவரி 28 அன்று மூடப்படும். நீர் இருப்பைப் பொறுத்து அந்தத் தேதி முன்பின்னாக மாறும்: 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024-இல் ஜூலை கடைசியில்தான் திறக்க முடிந்தது. மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து கடைமடைக்கு, அதாவது பாசனத்தின் கடைசிப் பகுதிக்கு, போய்ச் சேர மேலும் பல நாட்கள்.

கரையில் ஓட்ட மிகச் சிறந்தது ஜனவரிக் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. மழை ஓய்ந்து கரை இறுகியிருக்கும். காலையில் பனி, வயலில் சம்பா அறுவடை. ஜூலை, ஆகஸ்டும் அருமை. ஆறு நிறைய ஓடும், குறுவை பச்சைப் பசேல் என்று நிற்கும். ஆனால் காற்று உண்டு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் கரைகளில் சைக்கிளை எடுக்காதீர்கள். அன்று படித்துறைகள் குடும்பங்களுக்கு உரியவை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது தார்ச் சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தூர்வாரும் வேலை நடக்கும். பொக்லைனும் டிப்பர் லாரியும் அதே கரையில்தான் வந்து போகும். அள்ளிய மண் பாதையிலேயே குவிந்து கிடக்கும். அந்த மாதங்களில் வெயிலும் சும்மா விடாது.

வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது. எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும்?

விடியும்போது கிளம்பி ஒன்பது மணிக்குள். பிப்ரவரியில் பத்தரை வரை தள்ளலாம். நபருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஊர்களில் இளநீர், மோர் கிடைக்கும். ஆனால் இரண்டு ஊருக்கு நடுவில் கரையில் கடை எதுவும் இருக்காது.

சமவெளி என்றுதானே சொன்னீர்கள்? திரும்பி வரும்போது மலை ஏறியது போல மூச்சு வாங்குகிறதே.

அது காற்று. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடல் வரை நிலம் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. ஆகவே ஏற்றத்தைக் குறை சொல்ல முடியாது. திறந்த வயல்வெளியில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. அதிலும் நீங்கள் வயலைவிட உயரமான கரையின் மேல் போகிறீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று ஆடியில் உச்சத்தில் இருக்கும். அப்போது காலையில் மேற்கு நோக்கிப் போய்விட்டு, களைத்த பிறகு காற்று முதுகில் தள்ள வீடு திரும்புங்கள். கோடையில் பிற்பகலுக்குப் பிறகு கடல்காற்று கிழக்கிலிருந்து வீசும்; திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் அது இன்னும் பலமாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று; தொந்தரவு இல்லை. பொதுவாக எதிர்க்காற்றை முதலில் சந்தித்துவிடும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறையும் பஞ்சர். என்ன செய்வது?

இரண்டு முட்கள்தான் காரணம். ஒன்று நெருஞ்சி: மஞ்சள் பூப் பூத்துத் தரையோடு படர்ந்து கிடக்கும் செடி, காய்ந்த கிராவல் ஓரத்தில் நிறைய இருக்கும். மற்றொன்று சீமைக் கருவேலம். வேலிக்காக வெட்டி இழுத்துப் போன கிளைகளிலிருந்து உதிர்ந்த முள் பாதையிலேயே கிடக்கும். பாதையின் ஓரத்தை விட்டுச் சக்கரக் கோட்டிலேயே போனால் பாதிப் பஞ்சர் குறையும். ட்யூபுக்குள் பஞ்சர் திரவம் ஊற்றிக்கொண்டால் நெருஞ்சிக்குக் கவலையில்லை. முள்ளைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தை நாலு சுற்று சுற்றினால் அடைத்துக்கொள்ளும். திரவம் இல்லையென்றால், காற்று இறங்காதவரை முள்ளை அங்கேயே பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக இருந்து வீடு வரை கொண்டுவந்துவிடும்.

கருவேல முள் டயருக்குள் ஒடிந்து நிற்கும். ட்யூபை மட்டும் மாற்றினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடியும் குத்தும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்க மெல்ல ஓட்டுங்கள். முள்முனை இருக்கும் இடத்தில் பஞ்சு இழை சிக்கும். விரலால் தடவித் தேடினால் கிழித்துக்கொள்வீர்கள்.

கிராமத்துப் பஞ்சர் கடைகள் கைவிடமாட்டா. 11-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருவதால் எல்லா ஊரிலும் அந்தச் சைக்கிளுக்கான ட்யூப் இருக்கும். உங்கள் 27.5, 29 அங்குல ட்யூப் இருக்காது; ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். ஊசி வால்வு என்றால் அதற்கான அடாப்டரும் வேண்டும். மோட்டார் சைக்கிள் வகை வால்வு என்றால் எந்தக் கடையிலும் காற்று பிடிக்கலாம்.

சாலையில் நெல்லையும் வைக்கோலையும் பரப்பி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் ஓட்டலாமா?

நெல்லின் மேலோ உளுந்தின் மேலோ ஓட்டாதீர்கள். காய வைக்க வேறு களம் இல்லாமல்தான் சாலையில் பரப்புகிறார்கள். ஈரப்பதம் குறையாவிட்டால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். அந்தக் குடும்பத்தின் நான்கைந்து மாத உழைப்பு அங்கே கிடக்கிறது. இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போங்கள். மேலும் உருண்டையான உளுந்தின் மேல் பிரேக் பிடித்தால் எந்த டயரும் நிற்காது.

வைக்கோலில் ஆபத்து வேறு விதம். நீளமான தாள் ஒன்று செயினோடு ஏறிப் பின்கியர் மாற்றியின் சிறு பற்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். மிதி கனத்தவுடன் நின்றுவிடுங்கள். வலுவாக மிதித்தால் கியர் மாற்றியே வளைந்து சக்கரக் கம்பிக்குள் போய்விடும். பின்னோக்கி மிதித்தபடி கையால் உருவினால் வந்துவிடும்.

நாயும் பாம்பும் இருக்குமே?

இருக்கும். நாய் துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். வாத்து மேய்ப்பவர்களின் நாய்கள் கொஞ்சம் கடுமையானவை. மந்தையைக் கண்டால் தூரத்திலேயே நின்று, மேய்ப்பவர் கைகாட்டிய பிறகு போங்கள்.

பாம்பு கரையின் எலி வளைகளைத் தேடி வரும். அறுவடை நாட்களில் வயலை விட்டுக் கரைக்கு ஏறும். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இங்கே சாதாரணம். சைக்கிளில் போகும்போது கடிபடுவது அரிது. சிறுநீர் கழிக்கவோ உட்காரவோ புல்லுக்குள் போகும்போதுதான் ஆபத்து. கடித்துவிட்டால் கயிறு கட்டவோ கீறவோ வேண்டாம். அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இருட்டிய பிறகு கரையில் ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

கரையில் போக யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

ஆற்றுக் கரைகள் நீர்வளத் துறையின் பராமரிப்பில் உள்ளவை. பெரும்பாலானவை ஊர்மக்கள் அன்றாடம் நடந்தும் வண்டியிலும் போகும் வழிகள். சைக்கிளில் போனால் யாரும் தடுப்பதில்லை. தண்ணீரைத் திறந்து மூடிப் பங்கிடும் ரெகுலேட்டரின் ஷட்டர் மேடைக்கு ஏறாதீர்கள், திருகுகளைத் தொடாதீர்கள். வெள்ள எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் கரைக்கே போகாதீர்கள். அன்று மணல் மூட்டையோடு அங்கே வேலை செய்பவர்களுக்கு வழி வேண்டும்.

வயல் வரப்பில் ஓட்டலாமா? படத்தில் பார்க்க நன்றாக இருக்கிறதே.

கூடவே கூடாது. வரப்பு என்பது தண்ணீரைத் தாங்கி நிற்கும் அணை. ஈர வரப்பில் சக்கரம் பதிந்த பள்ளம் வழியாகக் கசிவு தொடங்கும். இரவுக்குள் உடைப்பெடுத்து மேல்வயல் வடிந்துவிடும், கீழ்வயலில் போட்ட உரமும் போய்விடும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் அந்த ஒரு இரவின் தண்ணீரை மறுபடி பெற விவசாயி பல நாள் காத்திருக்க வேண்டும். நடந்து போவதென்றாலும் வரப்பு போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

மழை விட்டு ஒரு நாள் ஆகிவிட்டது. மேலே காய்ந்திருக்கிறது. போகலாமா?

செருப்புக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து, காலைத் தூக்கும்போது மண் கூடவே வந்தால் போகாதீர்கள். கிராவல் கொட்டிய கரை ஒரே வெயிலில் காய்ந்துவிடும். வண்டலும் களியும் மேலே பொருக்குத் தட்டி உள்ளே மூன்று நாள் ஈரமாக இருக்கும். அதில் இறங்கினால் பத்துச் சுற்றுக்குள் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அது உங்கள் கஷ்டம். நீங்கள் போட்ட பள்ளம் காய்ந்து கல்லாகி, அடுத்த மழை வரை அந்த வழியில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவரின் கஷ்டமாக இருக்கும்.

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா?

ஊர்ப் படித்துறையில், ஊர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில், அவர்களைக் கேட்டுவிட்டு. வேறெங்கும் வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து தெரியாது. முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் ஆள் முழுகும் ஆழம் வரும். மேலே ஷட்டர் திறந்தால் நீர்மட்டம் சட்டென்று ஏறும். கொள்ளிடத்தில், அதிலும் அணைக்கரைப் பக்கத்தில், முதலைகள் உண்டு.

கல்லணைக் கால்வாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். புது ஆறு என்று ஊரில் அழைக்கப்படும் இந்த 148 கிலோமீட்டர் கால்வாய், மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பூதலூர், தஞ்சாவூர் வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் போகும் அதன் கரை ஓட்டுவதற்கு அருமையான நேர்வழி. ஆனால் பல இடங்களில் இருபுறமும் சரிவாகக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். பாசி படிந்த அந்தச் சரிவில் விழுந்தால் பிடித்து ஏற எதுவும் இல்லை; நீச்சல் தெரிந்தவரும் ஏற முடியாமல் தவிப்பார். தண்ணீர் ஓடும் மாதங்களில் அந்தக் கரையில் ஆற்றுப் பக்கக் கோட்டை விட்டு, வயல் பக்கக் கோட்டிலேயே ஓட்டுங்கள். குழந்தைகளை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா? பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

பெண்கள் சைக்கிள் ஓட்டுவது இங்கே எந்த ஊருக்கும் புதிதல்ல. மேலே சொன்ன பள்ளிச் சைக்கிள்கள் அதைச் சாதித்துவிட்டன. காலை வேளையில் கரையில் நடவுக்கும் களையெடுப்பிற்கும் போகும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். "எந்த ஊரும்மா?" என்று விசாரிப்பார்கள், நின்று பதில் சொல்லுங்கள், வழியும் சொல்வார்கள், வேண்டாத இடத்தையும் சொல்வார்கள். ஆனாலும் ஆள் நடமாட்டம் இல்லாத நீண்ட கரைக்கு ஆணோ பெண்ணோ தனியாகப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சறுக்கி விழுந்து கை ஒடிந்தால் பார்க்க ஆள் வேண்டும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கும்பகோணம் சுற்று பொருத்தம். ஆற்றுப் பக்கம் பெரியவர், உள்பக்கம் பிள்ளை.

வெளியூரிலிருந்து சைக்கிளை எப்படிக் கொண்டுவருவது?

ரயிலில் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்றலாம். வண்டி புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது போக வேண்டும். பெடலையும் ஹேண்டில்பாரையும் திருப்பி, கியர் மாற்றியைச் சுற்றி அட்டை கட்டுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை மூன்றும் பெரிய நிலையங்கள் என்பதால் இறக்கச் சிரமமில்லை. சிறு நிலையங்களில் வண்டி நிற்கும் நேரம் போதாது.

மேப்பில் கோடு இருக்கிறது, போனால் பாதை இல்லை. கரை பாதியில் முடிந்துவிட்டால்?

கரைவழிகள் மேப்பில் அரைகுறையாகத்தான் இருக்கும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, பாலங்களையும் ரெகுலேட்டர்களையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கரையில் கருவேலம் மண்டியிருந்தால் எதிர்க்கரை பெரும்பாலும் திறந்திருக்கும். கடக்க அடுத்த பாலம் வரை போக வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு தூரம் என்று கேட்காமல், "அடுத்த பாலம் எந்த ஊரில்?" என்று கேளுங்கள். தூரத்தை எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். ஊர்ப் பெயர் தப்பாது.

கடல் ஓரம் போக வேண்டும். கோடியக்கரை எப்படி?

வேதாரண்யத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர் அளவில். அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்புச் சத்தியாகிரகத்தின் நினைவிடம் இருக்கிறது. ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து இந்தப் படுகையின் ஊர்களைக் கடந்து நடந்து வந்தவர்கள் உப்பெடுத்த பகுதி அது. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம், குளிர்காலத்தில் பூநாரைகள். சரணாலயத்துக்குள் வனத்துறையின் அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. வெளிமான்களைக் கண்டால் நின்றுவிடுங்கள், சைக்கிளில் நெருங்காதீர்கள். திரும்பியதும் செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று ஒரே இரவில் துருவேற்றும்.

கல்லணையிலிருந்து பூம்புகார் வரை காவிரி கூடவே ஒரே நாளில் போக முடியுமா?

சாலை வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். தார்ச் சாலையில் பழகியவர்கள் ஒரே நாளில் போகலாம். கரைவழியைச் சேர்த்துக்கொண்டால் இரண்டு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் திருவையாறு, கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணத்தில் தங்கல். மறுநாள் திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, பிறகு பூம்புகார். காற்றைப் பற்றி மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் ஜூலை, ஆகஸ்டில் மேற்கிலிருந்து கிழக்கே போவது மிகவும் சுகம். தூர்வாரும் மாதங்களில் போவது வீண்.

கிழக்கே போகப் போக ஆறு பெருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் உண்டு. இங்கே நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு தலைப்பிலும் பங்கு கொடுத்துக் கொடுத்துக் காவிரி ஒடுங்கிக்கொண்டே வரும். பூம்புகாருக்குச் சற்று முன்னால் மேலையூரில் கடைமடைக் கதவணை இருக்கிறது. அங்கே வந்து பார்த்தால் கல்லணையில் பார்த்த ஆறா இது என்று கேட்கத் தோன்றும், ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான். தண்ணீர் வந்து சேரும் நாளில் விவசாயிகள் பூத்தூவி வரவேற்பது இந்தக் கதவணையில்தான். அங்கிருந்து கடற்கரைக்கு மணல் அதிகம். டயரில் காற்றை இன்னும் ஐந்து பி.எஸ்.ஐ. குறைத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது மயிலாடுதுறையில் அடித்துக்கொள்ளலாம்.